உறை கேட்டு வந்தவர்கள்

என் மாமியார் வீட்டு ஐராக் நாக்கைக் கடிக்கும் என்று ஊரே சொல்லும். சைஹான் பக்கம் குதிரை வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் கோடையில் ஐராக் உண்டு. குதிரைப் பாலைத் தோல்பையில் ஊற்றி, நாளெல்லாம் மத்தால் கடைந்து, நுரைக்க விட்டு எடுப்பது. எல்லாம் பார்க்க ஒரே வெள்ளைதான். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ருசி. புல்லும் தண்ணீரும் பொதுதான், அதனால் வித்தியாசம் பாலில் வருவதில்லை. உறையில் வருகிறது.

எங்கள் உறை மாமியாரின் தாய்வீட்டுச் சீதனம். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஊரார் ஹோர்லோ என்பார்கள். கதைக்காக ஒரு தடவை சொல்லிவிட்டேன், போதும். கல்யாணமாகி வந்தபோது மாட்டு வண்டியில், மடியில் ஒரு சின்னத் தோல்பையில் வைத்து அந்த உறையைக் கொண்டுவந்தாராம். கோடையில் அது பெரிய பைக்குள் பொங்கிப் பெருகும். குளிர்காலத்தில் பையின் அடியில் கட்டியாகிக் கிடக்கும். அடுத்த கோடையில் புதுப்பால் ஊற்றிக் கடைந்ததும் முதல் நுரை வரும். "எந்திரிச்சுட்டா பாரு," என்று உறையைச் சொல்வார் மாமியார். வீட்டில் என்னைவிட அவளுக்குத்தான் மரியாதை என்று என் கணவர் பதார்ச்சிடம் நான் முணுமுணுப்பேன். "அவ உன்னைவிட மூத்தவ, பொறுத்துக்கோ," என்பார் அவர்.

ஒரு கோடையில் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். ஜீப்பிலிருந்து முதலில் இறங்கியது டாக்டர் மர்லிஸ். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பெரிய பேராசிரியை. ஒட்டகத்துக்குப் போட்டியான உயரம். கழற்றி மாட்டும் கம்பளிக் கூடாரமான எங்கள் கெர் வீட்டு வாசல் குனிந்து நுழைய வேண்டிய வாசல். வந்த அத்தனை கோடையிலும் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவர் உள்ளே வந்ததே இல்லை. அவருக்குப் பின்னால் தலைநகர் உலான்பாதர் பெண் ஒருத்தி, எனெரெல். டாக்டரிடம் படிக்கிறவள், மொழிபெயர்ப்பும் அவள்தான். அடுக்குமாடியில் பிறந்து வளர்ந்தவள். கட்டியிருந்த குதிரையைச் சுற்றிக்கொண்டு அவள் வந்த தூரத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஐராக்குக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் படிக்கிறார்களாம். ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் உறை வேண்டுமாம். தேநீர் குடித்து முடித்ததும் எனெரெல் ஒரு தாளை எடுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தாள்.

"அம்மா, நீங்க விருப்பப்பட்டா குடுக்கலாம். விருப்பமில்லன்னா வேணாம்னு சொல்லிடலாம். வேணாம்னு சொன்னா உங்களுக்கு எந்தக் கெடுதலும் வராது. எங்களுக்கும் வருத்தமில்ல."

மாமியார் என்னைப் பார்த்தார்.

"ஏண்டி, இந்தப் பொண்ணு என்ன சொல்றா? பால் கேட்டு வந்தவங்களை வேணாம்னு சொல்லச் சொல்றாளா?"

"உங்களுக்கு உரிமை இருக்குன்னு சொல்றேம்மா."

"பசங்களா, கேட்டுக்கோங்க. வெள்ளைப் பண்டத்தை இல்லேன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்காம்!"

பால் கேட்டு வந்தவரை இல்லை என்று அனுப்புவது எங்களிடம் கிடையாது. வீடே சிரித்தது. எனெரெலும் சிரித்தாள். டாக்டர் எதற்கு என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். மாமியார் கைநாட்டு மாதிரி ஒரு கையெழுத்துப் போட்டார்.

உடனே கொடுத்துவிடவில்லை. நல்ல நாள் பார்க்க வேண்டும் என்று காக்க வைத்தார். டாக்டர் தினமும் கைக்கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாள் வந்ததும் மரியாதைக்கு விரிக்கும் நீலப் பட்டுத் துணியைக் கையில் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் குடுவையில் உறையை ஊற்றினார் மாமியார். அதிலிருந்து சில துளிகளைத் திரும்ப எடுத்து எங்கள் பையில் விட்டுக்கொண்டார். வீட்டின் அதிர்ஷ்டம் முழுசாக வெளியே போய்விடக் கூடாது இல்லையா.

"இதைக் கொண்டுபோய் பாலை ஊத்திப் பெருக்குங்க," என்றார். "மொத ஐராக்கை எடுத்துட்டு வந்து எனக்குக் காட்டணும். உறை வாங்கறவங்க முறை அது. நான் குடிச்சுப் பாத்து, அவ அங்க நல்லா இருக்காளான்னு சொல்லுவேன்."

எனெரெல் அதைச் சொன்னதும் டாக்டர் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார்.

அந்தக் கோடைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மனது இளகும். அடுத்தடுத்து பல வருஷம் வந்தார்கள். எனெரெல் எங்கள் கெர்ரிலேயே படுத்துக்கொள்வாள். பால் கறக்கக் கற்றுக்கொடு என்று என் பின்னாலேயே சுற்றுவாள். ஒரு முழங்கால் ஊன்றி, வாளியைக் கையில் கோத்து, குட்டியை ஓரமாக நிறுத்தி, நான் செய்கிற மாதிரியே எல்லாம் செய்வாள். குதிரை வாலை ஒரு வீசு வீசும். இவள் வாளியோடு புல்லில் கிடப்பாள். "அக்கா, இவளுக்கு என்னைப் பிடிக்கல," என்பாள். "அவளுக்கு மருமகளுங்க யாரையுமே பிடிக்காது, மாமியார் வளர்ப்பு," என்பேன் நான். உள்ளேயிருந்து மாமியார், "காதுல விழுது!" என்பார்.

டாக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. எங்கள் வீட்டில் நுழைகிற யாரும் மத்தை நாலு தடவை இழுத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வேர்க்க விறுவிறுக்கக் கடைவார், பாட்டுப் பாடுவார், அவர் ஊர்ப் பாட்டு. நாதாம் திருவிழாவில் எங்கள் சின்னவன் குதிரைப் பந்தயத்தில் ஓடியபோது எங்களைவிட அதிகமாகக் கத்தியது அவர்தான். தொண்டை கட்டிப்போய் மறுநாள் சைகையிலேயே ஆராய்ச்சி செய்தார். போகும்போது மாமியார் அவர் நெற்றியை முகர்ந்து வழியனுப்புவார். நாங்கள் அவர்களை வேற்றாளாக நினைக்கவே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிற்பாடு நடந்ததைக் கேட்டவர்கள், "ஏமாத்திட்டாங்களா?" என்கிறார்கள். அப்படி ஒரு வார்த்தையில் முடிகிற காரியம் இல்லை இது.

முதல் ஐராக் மட்டும் வரவே இல்லை. மாமியார் ஒவ்வொரு கோடையும் ஜீப்பின் பின்பக்கத்தைப் பார்ப்பார். கேட்கமாட்டார். கொடுத்ததைப் பற்றி வந்தவரிடம் கேட்பது எங்களிடம் அழகில்லை.

அவர்கள் வருவது நின்ற பிறகு அந்தக் குளிர்காலம் வந்தது. பனி பெய்து, உருகி, கல்லாக இறுகி, குளம்பால் உடைத்துப் புல்லை எடுக்க முடியாமல் மிருகங்கள் நின்ற இடத்திலேயே சாகும் காலத்தை நாங்கள் ஸுத் என்போம். இருக்கிற மந்தையையாவது காப்பாற்றலாம் என்று கெர்ரைக் கழற்றிக்கொண்டு தெற்கே வெகுதூரம் போனோம். தோல்பையைக் குளிர்காலக் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் போனோம். அங்கேதான் எப்போதும் தூங்கும். பனி பாரம் தாங்காமல் கொட்டகைக் கூரை இறங்கிவிட்டது. வசந்தத்தில் நாங்கள் திரும்பி வந்தபோது உருகிய தண்ணீரில் பை ஊறி, அழுகி, நாற்றம் எடுத்திருந்தது. மாமியார் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்து, கையைக் கழுவாமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்களிடம் உறை வாங்கிப்போன வீடுகளும் அந்த ஸுத்தில் மந்தையை இழந்து உலான்பாதர் ஓரத்துக் குன்றுகளில் குடியேறிவிட்டன. அங்கே குதிரை ஏது, ஐராக் ஏது. எங்களுக்கும் ஒருசில குதிரைகளே மிஞ்சின. அவை குட்டி போட்டுப் பால் கறக்க வருஷங்கள் ஆயின. பால் வந்த கோடையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் செந்த் வீட்டு உறையை வாங்கிக்கொள்ளலாம் என்றார் பதார்ச்.

"வாங்கிக்கோ," என்றார் மாமியார். "நல்ல உறைதான். ஆனா எனக்குப் பல் போயி, காது போயி, இப்ப நாக்கு ஒண்ணுதான் பாக்கி. எங்கம்மா வீட்டு ருசியை அதுவும் மறக்கறதுக்குள்ள இன்னொரு தடவை குடிச்சுடணும்."

எனக்கு மின்னல் மாதிரி எனெரெல் நினைவு வந்தது. அவர்களிடம் இருக்கிறதே! குடுவை குடுவையாக வாங்கிப் போனார்களே! மறுநாளே உலான்பாதருக்கு வண்டி ஏறினேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் எனெரெல் வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இப்போது அவள் அங்கே வேலையில் இருந்தாள். சுவரோரம் குளிர்ப்பெட்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. நான் விஷயத்தைச் சொல்லி, கொண்டுபோன பாத்திரத்தைத் துணியிலிருந்து அவிழ்த்தேன். அவள் முகம் வாடியது.

"அக்கா, முழுசா இல்ல."

"முழுசா வேணாம்டி. ஒரு கரண்டி போதும்."

"அதில்லக்கா. பிரிச்சுட்டோம். அதுக்குள்ள இருந்த கிருமிங்களை ஒவ்வொண்ணா எடுத்து தனித்தனிக் குப்பியில வச்சிருக்கோம். பிரிக்கப் பிரிக்க முழு உறை தீந்துபோச்சு."

"சரி, குப்பியெல்லாம் ஒண்ணா கவுத்துக் குடு."

"எல்லாத்தையும் வச்சுக்கல. புளிப்பு குடுக்கிற கிருமிங்களைத்தான் நாங்க படிச்சோம். பொங்க வைக்கிற ஈஸ்ட் எங்க கேள்வியில இல்ல. அதனால..."

"அதனால?"

"வளக்கல. செத்துப்போச்சு."

ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போய் ஆளுக்கொரு அறையில் பூட்டி, வேண்டாத மாமனைப் பனியில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு. இருப்பதைக் கொடு என்றேன். அதற்கும் அவளால் கை வைக்க முடியாதாம். ஒப்பந்தப்படி எல்லாம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாம். ஒரு கிருமியை ஏதோ கம்பெனி வாங்கி வயிற்றுக்கு நல்லது என்று பொடியாக விற்கிறதாம்.

"அது மட்டும் வேலைக்குப் போயிடுச்சா? சந்தோஷம்," என்றேன்.

எனெரெல் அழுதாள். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக ஊர் வந்திருப்பேன். "நான் விடமாட்டேன்க்கா, ஏதாவது பண்றேன்," என்றாள். வெறும் பாத்திரத்தை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு வந்தேன். வீட்டில் மாமியாரிடம், "கொண்டுவர்றாங்க, கொஞ்சம் நாளாகும்," என்று மட்டும் சொன்னேன்.

அவள் சொன்னபடி செய்தாள். அடுத்த கோடையில் அதே டாக்டர், நிலையில் அதே இடி. கையில் ஒரு குளிர்ப்பெட்டி, கூடவே கேமராவோடு ஒரு ஆள். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது என்று புதுத் திட்டம் போட்டிருக்கிறார்களாம். உறை கொடுத்த வீடுகள் எத்தனையோ இருக்க, முதலில் எங்கள் வீடு. டாக்டருக்கு முடி நரைத்திருந்தது. மாமியாரைக் கண்டதும் மண்டிபோட்டு நெற்றியைக் காட்டினார். மாமியார் முகர்ந்தார். என் கண்ணும் கலங்கத்தான் செய்தது.

புதுத் தோல்பையில் எங்கள் குதிரைப் பாலை ஊற்றி, அவர்கள் கொண்டுவந்த குப்பிகளை ஒவ்வொன்றாக அதில் கவிழ்த்தார்கள். ஈஸ்ட்டுக்குப் பதில் வேறு எங்கிருந்தோ ஒன்று. எல்லோரும் முறை போட்டுக் கடைந்தோம். டாக்டர் பழைய பாட்டைப் பாடினார். பை உப்பியது. வாசம் வந்தது. மாமியார் மட்டும் கிட்டே வராமல் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

குடித்துப் பார்க்கும் நாளில் அவர் பட்டு அங்கியை எடுத்து உடுத்திக்கொண்டார். வெள்ளி விளிம்பு வைத்த கிண்ணத்தில் நான் ஊற்றி, டாக்டர் கையில் கொடுத்து, டாக்டர் இரண்டு கையாலும் நீட்டினார். கேமரா ஆள் ஒரு அடி கிட்டே வந்தான். மாமியார் மோதிர விரலால் தொட்டு மேலே தெளித்தார். கிண்ணத்தைத் தூக்கினார். உதட்டில் வைத்தார். நிதானமாகத் திருப்பி டாக்டர் கையில் கொடுத்தார். கிண்ணம் நிறைந்தபடியே இருந்தது.

"நல்லாயிருக்கு," என்றார். "அவ்வளவு தூரத்திலேர்ந்து சொமந்து வந்தீங்க. உங்க கை நல்லாயிருக்கணும்."

எங்கள் ஊரில் பேச்சு வராத குழந்தைக்குக்கூடத் தெரியும். உதட்டில் தொட்டுத் திருப்பித் தந்தால், கொடுத்தவரை மதிக்கிறேன், கொடுத்தது வேண்டாம் என்று அர்த்தம். பதார்ச் தலையைக் குனிந்துகொண்டார். எனெரெல் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் டாக்டர் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தாள். வாய் சொன்னதை மட்டும் மொழிபெயர்த்தாள்.

டாக்டர் அழுதேவிட்டார். மாமியாரைக் கட்டிக்கொண்டார். கேமரா ஆள் கைதட்டினான். நான் எனெரெலின் கையைப் பிடித்து, குட்டிகள் கட்டியிருக்கும் கயிறு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன்.

"அங்க என்ன சொன்னே நீ?"

"அம்மா சொன்னதைச் சொன்னேன்க்கா."

"கிண்ணத்தை யாரு சொல்றது?"

அவள் குட்டியின் பிடரியைத் தடவிக்கொண்டே நின்றாள். "தெரியும்க்கா. பாத்தவுடனே தெரிஞ்சுபோச்சு. ஆனா இது தோத்துப்போச்சுன்னு எழுதினா, திருப்பிக் குடுக்கறதுல பிரயோஜனமில்லன்னு திட்டத்தையே மூடிடுவாங்க. மத்த வீட்டுது எல்லாம் அங்கயே பூட்டிக் கிடக்கும். இது ஒண்ணு ஜெயிச்சா அடுத்த வீட்டுக்காவது நல்லா செய்யலாம். இதுக்காக நான் எத்தனை பேர் கால்ல விழுந்தேன்னு உங்களுக்குத் தெரியாது."

"அடுத்த வீட்டுக்கும் இதே தண்ணியைத்தானேடி கொண்டுபோவீங்க? அவங்களும் நல்லாயிருக்குன்னுதானே சொல்லுவாங்க?"

உண்மையைச் சொன்னால், அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் படத்தை எங்கேயோ ஒரு பெரிய மண்டபத்தில் போட்டுக் காட்டுவார்கள். கிழவி ஒருத்தி பட்டு உடுத்தி, நல்லாயிருக்கு என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். என் மாமியாரின் அம்மா வீட்டு ருசி அதோடு கணக்குத் தீர்ந்துவிடும்.

உள்ளே போனேன். மாமியார் பேசிய பின் அவர் முன்னாலேயே விருந்தாளியிடம் மருமகள் மாற்றிப் பேசுவது எங்கள் ஊரில் நடக்காத காரியம். நான் பேசினேன்.

"டாக்டரம்மா, இது அது இல்ல. அத்தை குடிக்கவே இல்ல. கிண்ணத்தைப் பாருங்க."

"வாயை மூடுடி!" என்றார் மாமியார்.

"எனெரெல், சொல்லு."

எனெரெல் வாசலிலேயே நின்றிருந்தாள். பிறகு சொன்னாள். கிண்ணத்தைக் காட்டி, உதட்டைத் தொட்டுக் காட்டி, மெதுவாக, ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் கையிலிருந்த கிண்ணத்தை அப்போதுதான் பார்த்தார். ஏதோ கேட்டார். எனெரெல் பதில் சொன்னாள். அதன் பிறகு டாக்டர் கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"என்ன கேட்டாங்க?" என்றார் பதார்ச்.

"பிடிக்கலன்னா அம்மா ஏன் நல்லாயிருக்குன்னு சொன்னாங்கன்னு கேட்டாங்க." எனெரெலின் குரல் உடைந்திருந்தது. "மொத மொதல்ல உறை கேட்டப்பவும் இப்படித்தான் சரின்னாங்கன்னு சொன்னேன்."

டாக்டர் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்று கொடுக்க உங்களுக்கு மனம் இருந்ததா என்று.

மாமியாருக்கு என் மேல் இருந்த கோபம் முகத்தில் இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் நேராகப் பதில் சொன்னார். "வந்தவங்க பால் கேட்டா மனசைக் கேட்டுட்டா குடுப்பாங்க? நீங்க கேட்டீங்க, குடுத்தேன். அதுல எனக்கு வருத்தமில்ல. பெருக்கிக் கொண்டுவருவீங்கன்னு இருந்தேன். பிரிச்சுப் போடுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதை எனெரெல் டாக்டருக்குச் சொல்லி முடித்தாள். டாக்டர் கேமரா ஆளைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் கருவியைப் பைக்குள் வைத்தான். போகும்போது டாக்டர் நெற்றியைக் காட்டவில்லை. மாமியாரே அவர் தலையை இழுத்து முகர்ந்தார். ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் என்னிடம் திரும்பி, "என் வீட்டுக்கு வந்தவளை அழ வச்சு அனுப்பிட்டியே," என்றார். அந்தக் கோடை முடியும் வரை என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செய்தது தப்பு என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. ஆனால் அவர் பேசாத அந்தக் கோடை எனக்குத் திரும்பக் கிடைக்கப் போவதும் இல்லை.

செந்த் வீட்டு உறையை வாங்கினோம். மாமியார் ஒவ்வொரு கிண்ணத்தையும் அடி வரை குடித்தார். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொன்னதில்லை. அடுத்த வருஷப் பனி உருகும் முன்னால் போய்விட்டார்.

எனெரெலுக்கு அந்தக் கூடத்தில் வேலையை நீட்டிக்கவில்லை. எங்களால்தான் என்று அவள் ஒரு தடவையும் சொன்னதில்லை. மாகாணத் தலைநகரில் சின்ன வேலை ஒன்று பார்த்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அடைந்து கிடக்கிற உறைகளை முழுசாக விடுவிக்க வேண்டும் என்று மனுமேல் மனு போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரும் தன் ஊரிலிருந்து அவளோடு சேர்ந்துகொண்டாராம். வருஷங்கள் ஓடின. நானே மாமியாரானேன். என் மருமகள் என் பெயரைச் சொல்வதில்லை.

போன கோடையில் எனெரெல் தனியாக வந்தாள். மோட்டார் சைக்கிளை அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட சின்னப் பெட்டிக்குள் ஒரு குப்பி.

"அக்கா, மனு போட்டுப் போட்டுக் கடைசியில வாங்கிட்டேன். குளிர்ப்பெட்டியோட அடியில கிடைச்சுது. பிரிக்காத முழு உறை. மேல ஒட்டியிருந்த பேர் அழிஞ்சுபோச்சு. மொத கோடையில எடுத்ததுதான், அது நிச்சயம். உங்க வீட்டுதா இருக்கலாம். செந்த் வீட்டுதாவும் இருக்கலாம், வேற யாரோடதாவும் இருக்கலாம். குடிச்சுப் பாத்து நீங்கதான் சொல்லணும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எழுந்து ஓடினேன். குதிரைப் பாலைக் காய்ச்சாமல் வெதுவெதுப்பாக ஊற்றி, அந்தக் குப்பியைக் கவிழ்த்து, என் கையாலேயே கடைந்தேன். மருமகளைத் தொடவிடவில்லை. முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாளும் இல்லை. பிறகு ஒரு காலையில் பையின் வாயில் நுரை வந்து நின்றது. எந்திரிச்சுட்டா என்று சொல்ல வாய் வந்தது. யாரென்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்று அடக்கிக்கொண்டேன்.

எனெரெல் கிண்ணத்தை நீட்டினாள். நான் அடி வரை குடித்தேன்.

கடித்தது. நுனி நாக்கில் சுருக்கென்று கடித்தது. வாசமும் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுடையது இப்படித்தான் கடிக்குமா? கடிக்கும் என்கிற சொல் என்னிடம் இருக்கிறது. அந்தப் பழைய கடி நினைவில் இல்லை. இத்தனை வருஷமாக செந்த் வீட்டு ஐராக்கைக் குடித்துக் குடித்து என் நாக்கு அந்த வீட்டு நாக்காகிவிட்டது. மறக்கறதுக்குள்ள என்று மாமியார் சொன்னது தன்னைப் பற்றி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அக்கா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். தலையில் பாதி நரை. இந்தக் குப்பிக்காக ஒரு வேலையும் அத்தனை வருஷமும் போயிருக்கிறது. இதுதான்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மண்ணில் உருண்டு சந்தோஷப்படுவாள். எனக்கும் ஆசை தொண்டை வரை வந்தது. ஆனால் அன்றைக்கு எல்லோர் முன்னாலும் இது அது இல்லை என்று சொன்னவள் நான். அந்த வாயால் இப்போது எதைச் சொல்ல?

"இன்னொரு கிண்ணம் ஊத்து," என்றேன்.

ஊற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு, மாமியாரையும் அவர் பட்டு அங்கியையும் அந்தக் கோடைகளையும் ஒன்றுவிடாமல் நினைத்துக்கொண்டு குடித்தேன். எல்லாம் வந்தது. அந்த ருசி மட்டும் வரவில்லை.

"தெரியலடி," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "நல்லாயிருக்கு. ஆனா எங்க வீட்டுதானான்னு எனக்குத் தெரியல."